பேஸ்பால் ஆட்டங்களும் கணிப்புச் சந்தையும்: ஒரு டாலர் ஒப்பந்தத்தை வாங்கும் முன் படிக்க வேண்டிய முழு வழிகாட்டி

2025 நவம்பர் 1, சனிக்கிழமை இரவு. டொராண்டோவில், வட அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது, கடைசி ஆட்டம். வழக்கமாகக் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸின் முதல் பாதியில் டொராண்டோ புளூ ஜேஸ் 4, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 3. டாட்ஜர்ஸில் ஒருவர் அவுட். இன்னும் இரண்டு பேரை வீழ்த்தினால் 1993க்குப் பிறகு முதல் கோப்பை டொராண்டோவுக்கு. மட்டையோடு நின்றவர் மிகேல் ரோஹாஸ். ஹோம் ரன்னுக்கு, அதாவது பந்தைச் சுவர் தாண்டி அடிப்பதற்கு, பேர் போனவர் அல்ல. ஜெஃப் ஹாஃப்மன் வீசிய பந்தை அவர் இடதுபுறச் சுவருக்கு மேலே அனுப்பினார். 4-4, ஆட்டம் நீண்டது. பதினோராவது இன்னிங்ஸில் வில் ஸ்மித் இன்னொரு ஹோம் ரன் அடித்தார். 5-4, கோப்பை டாட்ஜர்ஸுக்குப் போனது.

ரோஹாஸ் மட்டை வீசுவதற்கு முந்தைய நொடியில் இருந்த மாதிரி ஒரு நிலையில், சொந்த மண்ணில் ஆடும் அணி ஜெயிப்பதற்கான வாய்ப்பு, பழைய ஆட்டங்களின் கணக்குப்படி சுமார் 90 சதவீதம். அந்த நேரத்தில் ஒருவர், டொராண்டோ ஜெயித்தால் ஒரு டாலர் தரும் ஒப்பந்தத்தைக் கணிப்புச் சந்தையில் 90 சென்ட் கொடுத்து வாங்கியிருந்தால் அது முட்டாள்தனம் இல்லை. பத்தில் ஒரு முறை நடக்கும் விஷயம் அன்று நடந்தது, அவ்வளவுதான். இந்தப் பத்தில் ஒன்றை மனசார ஏற்க முடியாதவர்கள் கணிப்புச் சந்தைப் பக்கம் வராமல் இருப்பதே நல்லது.

நான் நியூஜெர்சியில் இருந்துகொண்டு பல வருடமாக பேஸ்பால் பார்க்கிறேன். இந்தச் சந்தைகளில் சிறு தொகைகளோடு வாங்கி விற்றுப் பழகியதில் ஒரு விஷயத்தில் உறுதியாக இருக்கிறேன்: விலையைப் பார்க்கும் முன் உங்கள் கணக்குப்படி அந்த அணிக்கு எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். விலையைப் பார்த்துவிட்டால் அப்புறம் உங்கள் எண் என்று ஒன்று இருக்காது. கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு பழக்கத்தைச் சுற்றித்தான்.

படி 1: எதை வாங்குகிறோம் என்று புரிந்துகொள்ளுங்கள்

கணிப்புச் சந்தையில் விற்கப்படுவது ஒரு கேள்வி. 'இன்றைய ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் ஜெயிக்குமா?' ஆம் என்று ஆனால் 'ஆம்' ஒப்பந்தம் வைத்திருப்பவருக்கு ஒரு டாலர். இல்லை என்று ஆனால் அவருக்குப் பூஜ்யம், 'இல்லை' வைத்திருப்பவருக்கு ஒரு டாலர். நடுவில் வேறு எதுவும் கிடையாது.

ஆட்டம் முடியும்வரை அந்த ஒப்பந்தத்தின் விலை 1 சென்டிலிருந்து 99 சென்ட் வரை ஏறி இறங்கும். 57 சென்ட் என்றால், சந்தையில் இருக்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து டாட்ஜர்ஸுக்கு ஏறக்குறைய 57 சதவீத வாய்ப்பு என்று நினைக்கிறார்கள் என்று படிக்கலாம்.

அந்த ஒரு டாலர் எங்கிருந்து வருகிறது? நீங்கள் 57 சென்டுக்கு 'ஆம்' வாங்க முன்வருகிறீர்கள். எங்கோ இன்னொருவர் 43 சென்டுக்கு 'இல்லை' வாங்க முன்வருகிறார். இரண்டும் சேர்ந்தால் சரியாக ஒரு டாலர். சந்தை அந்த டாலரைத் தன்னிடம் பூட்டி வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு ஒப்பந்தம் கொடுக்கிறது. ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர் பக்கம் அந்த டாலரைத் தள்ளிவிடுகிறது. நீங்கள் தோற்றால் சந்தைக்கு லாபம் இல்லை, ஜெயித்தால் நஷ்டமும் இல்லை. அதற்கு வருமானம் கட்டணத்தில். உங்கள் எதிரே நிற்பவர் உங்களைப் போலப் பணம் வைத்த இன்னொருவர். அவர் உங்களைவிட விஷயம் தெரிந்தவரா என்பதுதான் நீங்கள் எப்போதும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

இந்த யோசனை புதிதல்ல. அயோவா பல்கலைக்கழகம் 1988லேயே தேர்தல்களுக்கு இப்படி ஒரு சிறு சந்தையை நடத்தத் தொடங்கியது. இன்று பெரிய பெயர்கள் இரண்டு. கால்ஷி, அமெரிக்காவின் சரக்கு வணிக ஒழுங்குமுறை ஆணையமான சிஎஃப்டிசியிடம் 2020ல் அனுமதி வாங்கியது. பாலிமார்க்கெட், கிரிப்டோ வழியில் வளர்ந்தது. 2022ல் அதே ஆணையத்திடம் 14 லட்சம் டாலர் அபராதம் கட்டி அமெரிக்க வாடிக்கையாளர்களை விட்டு விலகி, 2025ல் அனுமதி பெற்ற ஒரு சந்தையை விலைக்கு வாங்கித் திரும்பும் வழி தேடியது. விளையாட்டு ஒப்பந்தங்கள் அமெரிக்காவில் பெரிய அளவில் பரவியது 2025லிருந்துதான்.

படி 2: உங்கள் ஊரில் இது செல்லுமா என்று பாருங்கள்

இந்தியாவில் இருந்து படிக்கிறவர்களுக்கு நேராகச் சொல்கிறேன்: பணம் வைத்து இதில் இறங்காதீர்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் திறமை, அதிர்ஷ்டம் என்று பிரிக்காமல் மொத்தமாகத் தடை செய்கிறது. அதற்கு முன்பே, 2025 ஏப்ரலில், இதே மாதிரி 'ஒப்பீனியன் டிரேடிங்' தளங்கள் தன் மேற்பார்வையில் வராதவை என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி எச்சரித்திருந்தது. சிங்கப்பூரும் பாலிமார்க்கெட்டை முடக்கிவிட்டது. விபிஎன் போட்டு உள்ளே போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பணம் சிக்கிக்கொண்டால் புகார் கொடுக்க ஒரு வாசல்கூட இருக்காது. கீழே உள்ள கணக்குகளைத் தாளில் போட்டுப் பார்க்க யாருடைய அனுமதியும் வேண்டாம். பேஸ்பால் புரிவதற்கு அதுவே போதும்.

அமெரிக்காவிலும் விஷயம் முழுசாகத் தீரவில்லை. 'இது சூதாட்டம், எங்கள் மாநில உரிமம் வேண்டும்' என்கின்றன மாநிலங்கள். 'இது கூட்டாட்சி ஆணையத்தின் கீழ் வரும் ஒப்பந்தம்' என்கின்றன சந்தைகள். 2025ல் நியூஜெர்சி கூட்டாட்சி நீதிபதி ஒருவர் கால்ஷிக்குச் சாதகமாக இடைக்காலத் தடை கொடுத்தார். அதே வருடம் மேரிலாந்தில் இன்னொரு நீதிபதி மறுத்தார். இரண்டும் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆகவே உங்கள் மாநிலத்தில் இன்றைக்கு என்ன நிலை என்பதைக் கணக்கு திறக்கும் நாளில் பாருங்கள், போன வருடச் செய்தியை நம்பாதீர்கள்.

படி 3: ஆர்டர் புக்கைப் படிக்கப் பழகுங்கள்

பங்குச் சந்தை பார்த்தவர்களுக்கு இது பழக்கம்தான். பார்க்காதவர்கள் காய்கறிச் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் 'இந்த விலைக்குக் கொடுத்தால் வாங்குகிறேன்' என்பவர்கள். அதில் மிக உயர்ந்த விலை பிட். மறுபக்கம் 'இந்த விலைக்கு விற்கிறேன்' என்பவர்கள். அதில் மிகக் குறைந்தது ஆஸ்க். நடுவில் உள்ள இடைவெளி ஸ்ப்ரெட்.

ஒரு கற்பனை உதாரணம். சொந்த மண்ணில் ஆடும் அணிக்கு பிட் 55, ஆஸ்க் 57. உடனே வேண்டும் என்று மார்க்கெட் ஆர்டர் போட்டால் 57 கொடுப்பீர்கள். 55க்கு லிமிட் ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருந்தால், யாராவது இறங்கி வந்தால் கிடைக்கும், வராவிட்டால் கிடைக்காது.

கட்டணத்தை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். கால்ஷியின் பொதுவான சூத்திரம் இது: 0.07 × ஒப்பந்தங்களின் எண்ணிக்கை × விலை × (1 − விலை). வருவதை மேல்நோக்கி அடுத்த சென்டுக்கு முழுமையாக்குவார்கள். சந்தைக்குச் சந்தை மாறும், காத்திருந்து வாங்கினால் வழக்கமாகக் குறையும், எனவே வாங்கும் திரையில் சரிபாருங்கள். 57 சென்டில் 100 ஒப்பந்தம் வாங்கினால் 0.07 × 100 × 0.57 × 0.43, அதாவது 1.72 டாலர். ஒரு ஒப்பந்தத்துக்கு உங்கள் உண்மையான விலை 57 அல்ல, 58.72 சென்ட்.

ஆட்டத்தின் நடுவில் விலை 63க்கு ஏறுகிறது, விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விற்கும்போதும் கட்டணம், 1.64 டாலர். 6 டாலர் லாபம் என்று திரை காட்டியது, கைக்கு வந்தது 2.64. பாதிக்கு மேல் போய்விட்டது. ஐம்பது சென்டுக்கு அருகில்தான் கட்டணம் உச்சம். பேஸ்பால் ஆட்டங்களின் விலை பெரும்பாலும் அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கும்.

'புக்கியைவிட (பந்தயம் பிடிக்கும் நிறுவனத்தைவிட) இது மலிவு' என்று விளம்பரம் செய்கிறார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அமெரிக்கப் புக்கி ஒரு ஆட்டத்துக்கு −150, +130 என்று விலை வைத்தால், 150 டாலர் வைத்து 100 ஜெயிக்க வேண்டிய அணிக்கு வாய்ப்பு 150ஐ 250ஆல் வகுத்து 60 சதவீதம். 100 வைத்து 130 ஜெயிக்கும் அணிக்கு 100ஐ 230ஆல் வகுத்து 43.5. கூட்டினால் 103.5. அந்த மூன்றரைதான் புக்கியின் பங்கு. நம் உதாரணச் சந்தையில் இரண்டு அணிகளையும் உடனே வாங்கினால், ஒன்று 57, மற்றது 45 (பிட் 55 என்பதால்), கட்டணங்கள் இரண்டையும் சேர்த்தால் 105.46. மலிவாக இல்லை, அதிகம்தான்! ஸ்ப்ரெட் ஒரு சென்டாகச் சுருங்கி, நீங்கள் காத்திருந்து வாங்கினால்தான் சந்தை மலிவாகும். அவசரப்படுகிறவருக்குச் சந்தை மலிவே இல்லை.

படி 4: பேஸ்பாலின் குணத்தை மனதில் ஏற்றுங்கள்

மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். ஒவ்வொன்றும் வருடத்துக்கு 162 ஆட்டங்கள், மொத்தம் 2,430. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசிவரை ஏறக்குறைய தினமும் ஆட்டம் இருக்கும்.

2024ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 ஆட்டங்களில் தோற்றது. நவீன காலத்தில் ஒரு சீசனில் எந்த அணியும் அவ்வளவு தோற்றதில்லை. அந்த அணியும் 41 ஆட்டங்களில் ஜெயித்தது. அதாவது நான்கில் ஒன்று. 2025ல் சீசன் முழுக்கச் சிறந்த கணக்கு வைத்திருந்தது மில்வாக்கி புரூவர்ஸ், 97 வெற்றி, 65 தோல்வி. அது 60 சதவீதம். மிகச் சிறந்த அணிக்கும் மிக மோசமான அணிக்கும் இடையே தூரம் இவ்வளவுதான். டென்னிஸில் முதலிடத்தில் இருப்பவர் நூறாவது இடத்தில் இருப்பவரோடு ஆடும்போது இருக்கும் உறுதி இங்கே ஒருநாளும் கிடைக்காது.

அதனால் ஒரு சாதாரண ஆட்டத்தின் விலை 35க்கும் 65க்கும் இடையில்தான் இருக்கும். 'இது நிச்சயம் ஜெயிக்கும்' என்று உங்களுக்குத் தோன்றினால், தோன்றுவதில்தான் தவறு. சொந்த மண்ணில் ஆடும் அணி நீண்டகாலச் சராசரியில் நூற்றுக்கு 53, 54 ஆட்டங்கள் ஜெயிக்கிறது. பேஸ்பாலில் சொந்த மண் அவ்வளவுதான் கொடுக்கும்.

படி 5: உங்கள் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு தாள், கால்குலேட்டர், இருபது நிமிடம் போதும். ஆப்பைத் திறக்காதீர்கள்.

முதலில் அணியின் உண்மையான பலம். வெற்றி தோல்விக் கணக்கைவிட ரன் கணக்கு நம்பகமானது. ஒரு ரன்னில் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் அதிர்ஷ்டம். பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் கொடுத்த பழைய சூத்திரம் இன்றும் உதவும்: எடுத்த ரன்களின் வர்க்கத்தை, எடுத்த ரன்களின் வர்க்கத்தோடு விட்ட ரன்களின் வர்க்கத்தைக் கூட்டி வந்ததால் வகுக்க வேண்டும்.

சொந்த மண் அணி இதுவரை 450 ரன் எடுத்து 400 விட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2,02,500ஐ 3,62,500ஆல் வகுத்தால் 0.559. வந்திருக்கும் அணி 410 எடுத்து 430 விட்டிருக்கிறது. அது 0.476.

இரண்டு அணிகள் மோதினால்? அதற்கும் ஜேம்ஸ் ஒரு வழி சொல்லியிருக்கிறார். முதல் அணி ஜெயித்து இரண்டாவது தோற்கும் அளவு: 0.559 × 0.524 = 0.293. இரண்டாவது ஜெயித்து முதல் தோற்கும் அளவு: 0.476 × 0.441 = 0.210. முதலாவதை இரண்டின் கூட்டலால் வகுத்தால் 0.582. சொந்த மண்ணுக்கு மூன்றரை சதவீதம் சேர்க்கிறோம். 61.7.

இப்போது பிட்சர், அதாவது பந்து வீசுபவர். பேஸ்பாலில் ஒரு ஆட்டத்தை அதிகம் மாற்றுகிற ஒரே ஆள் தொடக்கப் பிட்சர். அவர் ஐந்து நாளுக்கு ஒரு முறைதான் வருவார், எனவே அணி தினமும் கொஞ்சம் வேறு அணி. இங்கே நான் நம்பும் விதி ஒன்று: நீண்டகாலத்தில் 10 ரன் ஒரு வெற்றிக்குச் சமம், ஆகவே ஒரு ஆட்டத்தில் ஒரு ரன் வித்தியாசம் என்பது வாய்ப்பில் சுமார் 10 சதவீதம். நம் சொந்த மண் அணிக்கு இன்று வரிசையில் ஐந்தாவது, அதாவது பலம் குறைந்த பிட்சர். ஒன்பது இன்னிங்ஸுக்கு அணியின் சராசரி 4.2 ரன் என்றால் இவர் 5.1 விடுபவர். ஒன்பது இன்னிங்ஸும் அவர் வீசப்போவதில்லை, ஐந்துதான் வீசுவார். 0.9 × 5 ÷ 9, அரை ரன். 5 சதவீதம் கழிக்க வேண்டும். 56.7. எதிரணிப் பிட்சர் அவர்கள் அணியின் சராசரிதான் என்றால் அதோடு நிறுத்திவிடலாம்.

பிட்சரை அவருடைய ஈஆர்ஏவை (ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விடும் ரன் சராசரி) மட்டும் வைத்து எடைபோடாதீர்கள். அதில் பின்னால் நிற்கும் ஃபீல்டர்களின் கைங்கரியமும் அதிர்ஷ்டமும் கலந்திருக்கும். எத்தனை பேரை ஸ்ட்ரைக் அவுட் (பந்தை ஆட்டத்துக்குள் அடிக்க விடாமலேயே அவுட்) ஆக்குகிறார், எத்தனை பேருக்கு வாக் (விலகிய பந்துகளால் இலவசமாக முதல் தளம்) கொடுக்கிறார் என்ற இரண்டும் சீக்கிரம் உண்மையைச் சொல்லும். ஏப்ரல் மாதத்தில் மூன்று ஆட்டங்களை வைத்து முடிவு செய்யவே கூடாது. போன இரண்டு வருடக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம் சிறு விஷயங்கள். நேற்றும் முந்தாநாளும் நீண்ட ஆட்டம் ஆடிய அணியின் புல்பென் (பின்னால் வந்து வீசும் மாற்றுப் பிட்சர்கள்) களைத்திருக்கும். இரவு ஆட்டத்துக்கு மறுநாள் பகல் ஆட்டம் என்றால் மட்டையாளருக்குப் பின்னால் பந்து பிடிக்கும் முதன்மைக் கேட்சருக்கு ஓய்வு கொடுப்பார்கள். ஆட்டக்காரர் பட்டியல் ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்புதான் வரும். டென்வரின் கூர்ஸ் ஃபீல்ட் கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரம், காற்று மெலிது, பந்து தூரம் போகும். சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் காற்று ஏரிப்பக்கம் வீசுகிறதா, உள்ளே வீசுகிறதா என்பதைப் பொறுத்து ஆட்டமே மாறும். ஆனால் உயரமும் காற்றும் இரு அணிக்கும் பொது. மொத்த ரன் பந்தயத்தை அவை மாற்றும் அளவுக்கு, யார் ஜெயிப்பார் என்பதை மாற்றாது.

சரி, உங்கள் எண் 57. தாளில் எழுதிவிட்டீர்கள். இப்போது ஆப்பைத் திறங்கள். பிட் 55, ஆஸ்க் 57. கட்டணத்தோடு 58.72.

செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. மூடிவிட்டு ஆட்டத்தைப் பாருங்கள்.

பத்து ஆட்டம் கணக்குப் போட்டால் எட்டு, ஒன்பது இப்படித்தான் முடியும். இருபது நிமிடம் வீண் என்று தோன்றும். வீண் இல்லை. உங்கள் எளிய கணக்கும் ஆயிரக்கணக்கானவர்களின் பணமும் ஒரே எண்ணுக்கு வந்து சேர்கிறது என்பதைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. அதைவிட, உங்களுக்கும் சந்தைக்கும் 8 சதவீதம் வித்தியாசம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் இந்தப் பழக்கம் கற்றுக்கொடுக்கும். முதலில், உங்களுக்குத் தெரியாத செய்தி என்ன என்று தேட வேண்டும். முக்கால்வாசி நேரம் பிட்சர் மாறியிருப்பார்.

படி 6: ஒப்பந்தத்தின் விதியை வரிவரியாகப் படியுங்கள்

விதிப் பக்கத்தைப் படிக்காமல் வாங்குகிறவர்கள்தான் அதிகம். மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

மழை. பேஸ்பாலில் ஐந்து இன்னிங்ஸ் முடிந்திருந்தால், அல்லது சொந்த மண் அணி முன்னிலையில் இருந்து நாலரை முடிந்திருந்தால், ஆட்டம் அதிகாரபூர்வமாக எண்ணப்படலாம். தள்ளிப்போனால் ஒப்பந்தம் தொடருமா, பணம் திரும்புமா, எத்தனை நாளுக்குள் நடந்தால் செல்லும்? சந்தைக்குச் சந்தை பதில் வேறு.

பிட்சர் மாற்றம். பழைய புக்கிகளிடம், அறிவித்த பிட்சர் வராவிட்டால் பந்தயம் ரத்து என்று சொல்லி வைக்கும் வழி உண்டு. கணிப்புச் சந்தையில் கேள்வி 'எந்த அணி ஜெயிக்கும்' என்பது மட்டும்தான் என்றால், பிட்சருக்குத் தோள்வலி வந்தாலும் உங்கள் ஒப்பந்தம் அப்படியே இருக்கும், விலைதான் விழும்.

டபுள்ஹெடர். ஒரே நாளில் அதே இரு அணிகள் இரண்டு முறை ஆடும் நாட்கள் வரும். நீங்கள் வாங்குவது முதல் ஆட்டமா, இரண்டாவதா? கேட்கச் சின்ன விஷயம், அவசரத்தில் மாறிப்போகும்.

படி 7: எவ்வளவு வைப்பது

முழுசாகப் போனாலும் வீட்டில் யாரிடமும் மறைக்க வேண்டியிராத ஒரு தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். வாடகை, பிள்ளைகள் படிப்பு, ஊருக்கு அனுப்புவது எதுவும் அதில் கலக்கக் கூடாது. தீர்ந்தால் அந்த சீசன் தீர்ந்தது. மறைக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்றால் அன்றே கணக்கை மூடுங்கள், நெருங்கிய ஒருவரிடம் சொல்லுங்கள். இதைச் சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை.

ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு என்பதற்கு பெல் லேப்ஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஜான் கெல்லி 1956ல் ஒரு சூத்திரம் கொடுத்தார். ஒரு டாலர் ஒப்பந்தத்துக்கு அது சுலபம்: உங்கள் எண்ணிலிருந்து விலையைக் கழித்து, ஒன்றிலிருந்து விலையைக் கழித்ததால் வகுக்க வேண்டும். உங்கள் எண் 58, விலை 54 என்றால் 0.04 ÷ 0.46, கையிருப்பில் 8.7 சதவீதம். கட்டணத்தைச் சேர்த்து விலையை 55.74 என்று வைத்தால் அதுவே 5.1 ஆகிவிடும். உங்கள் எண்ணே ஒரு தோராயம் என்பதால் அதிலும் கால்வாசி மட்டும் வையுங்கள், 1.3 சதவீதம். 500 டாலர் வைத்திருப்பவருக்கு ஆறரை டாலர், அதாவது 11 ஒப்பந்தம். இது சலிப்பாக இருக்கும். இருக்கட்டும்.

படி 8: ஆட்டம் நடக்கும்போது

ஒரு ஜூலை இரவு. நான் பார்த்துக்கொண்டிருந்த அணி ஏழாவது இன்னிங்ஸில் ஒரு ரன் பின்தங்கியிருந்தது. சந்தையில் 'ஆம்' 44, 45. கொஞ்சம் இறங்கினால் வாங்கலாம் என்று 41ல் 50 ஒப்பந்தத்துக்கு லிமிட் ஆர்டர் போட்டேன். டிவியில் எதிரணிப் பிட்சர் ரோசின் பையை (பிடி வழுக்காமலிருக்க உதவும் பொடிப் பை) தொட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டிருந்தார். போன் அதிர்ந்தது. ஐம்பதும் கிடைத்துவிட்டது. அடடா, நாம் கேட்ட விலைக்கே வந்துவிட்டதே என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். எனக்குத் தெரிந்து மைதானத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. திரையில் விலை 31 என்று மாறியது. அப்புறம்தான் என் டிவியில் எங்கள் அணியின் மட்டையாளர் பந்தை நேராக ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டரிடம் அடித்தார், இரட்டை அவுட், இன்னிங்ஸ் முடிந்தது.

ஸ்ட்ரீமிங்கில் வரும் படம் மைதானத்தைவிடப் பல நொடி, சில சமயம் அரை நிமிடம்கூட, பின்தங்கி வரும். மைதானத்தில் இருப்பவருக்கும், நேரடித் தரவு வாங்கும் கணினிக்கும் அந்தப் பந்து ஏற்கெனவே முடிந்த கதை. ஆட்டத்தின் நடுவில் உங்கள் லிமிட் ஆர்டர் சட்டென்று நிறைவேறினால், பெரும்பாலும் உங்களுக்கு இன்னும் தெரியாத கெட்ட செய்தி ஒன்று வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பந்துக்கும் பந்துக்கும் நடுவில் ஆர்டரைத் தொங்கவிடாதீர்கள். இடையில் வாங்கியே தீர வேண்டும் என்றால் இன்னிங்ஸ் மாறும் இடைவேளையில் மட்டும் செய்யுங்கள். என்னைக் கேட்டால் ஆட்டத்துக்கு முன் வாங்கிவிட்டு போனைத் தள்ளி வைப்பதுதான் நல்லது.

படி 9: விலகி நிற்க வேண்டியவை

ஒரு குறிப்பிட்ட பந்து எவ்வளவு வேகத்தில் வரும், ஸ்ட்ரைக்கா (சரியான பந்தா), பாலா (விலகிய பந்தா) என்பது மாதிரியான சிறு பந்தயங்களைத் தொடாதீர்கள். ஒரே ஒரு ஆள் நினைத்தால் மாற்றக்கூடியவை அவை. 2025 நவம்பரில் கிளீவ்லாந்து கார்டியன்ஸ் பிட்சர்கள் இருவர் மீது, பந்தயக்காரர்களுக்காகக் குறிப்பிட்ட பந்துகளைத் திட்டமிட்டு வீசினார்கள் என்று கூட்டாட்சி வழக்கு பதிவானது. இருவரும் அதை மறுத்தார்கள். அதையடுத்து லீக்கும் புக்கி நிறுவனங்களும் சேர்ந்து ஒரு பந்தின் மீதான பந்தயத்துக்கு 200 டாலர் உச்சவரம்பு வைத்தன. 1919ல் வேர்ல்ட் சீரிஸையே விற்ற வழக்கைப் பார்த்த விளையாட்டு இது. நூறு வருடம் கழித்தும் அந்தக் காயம் ஆறவில்லை. விளையாட்டை நேசிக்கிறவர்கள் இந்தச் சிறு பந்தயங்களுக்குப் பணம் கொடுக்காமல் இருப்பதே விளையாட்டுக்குச் செய்யும் நன்மை.

மார்ச் மாதத்திலேயே 'வேர்ல்ட் சீரிஸ் யாருக்கு' என்று வாங்குவதும் எனக்கு ஒப்புதல் இல்லை. 30 அணிகளின் 'ஆம்' விலைகளையும் கூட்டிப் பாருங்கள், 100ஐத் தாண்டி நிற்கும். 2 சென்ட் அணிகள் மலிவு மாதிரி தெரியும், ஆனால் அங்கேதான் அதிக விலை கொடுப்போம். பணமும் ஏழு மாதம் பூட்டிக்கிடக்கும்.

படி 10: நோட்டுப் புத்தகம்

ஐந்து கட்டம் போதும்: தேதியும் அணியும், என் எண், வாங்கிய விலை கட்டணத்தோடு, ஆட்டம் தொடங்கும்போது இருந்த விலை, முடிவு. வாங்காத ஆட்டங்களையும் எழுதுங்கள்.

ஜெயித்ததா தோற்றதா என்ற கடைசிக் கட்டம்தான் கண்ணை இழுக்கும். ஆனால் சரிபாதி வாய்ப்புள்ள 100 ஆட்டங்களில் வெற்றி 45 ஆவதும் 55 ஆவதும் வெறும் அதிர்ஷ்டத்திலேயே சாதாரணமாக நடக்கும். ஒரு மாதக் கணக்கில் உங்கள் திறமை தெரியவே தெரியாது. சீக்கிரம் தெரிவது நான்காவது கட்டம். 54க்கு வாங்கினீர்கள், ஆட்டம் தொடங்கும்போது 57 ஆகியிருந்தது என்றால், மற்றவர்கள் உங்கள் எண்ணை நோக்கி வந்திருக்கிறார்கள். தொடர்ந்து அப்படி நடந்தால் உங்கள் கணக்கில் ஏதோ சத்து இருக்கிறது. தொடர்ந்து எதிர்ப்பக்கம் போனால், ஜெயித்துக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

என் நோட்டில் முதல் சீசன் முடிந்ததும் இரண்டு பட்டியலாகப் பிரித்துக் கூட்டினேன். எண்ணை எழுதிவிட்டு வாங்கியவை ஏறக்குறைய போட்ட இடத்திலேயே நின்றன, கட்டணம் போகச் சின்ன நஷ்டம். எண் எழுதாமல், ஆட்டத்தின் நடுவில், மனசு சொன்னது என்று வாங்கியவை மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நஷ்டத்தில் பெரும்பகுதி அந்தப் பட்டியலில் இருந்தது. அந்த ஜூலை இரவின் 50 ஒப்பந்தமும் அதில்தான் இருக்கிறது, 'என் எண்' கட்டம் காலியாக.

அடுத்த சீசனில் இருந்து அந்தக் கட்டம் காலியாக இருந்தால் வாங்குவதில்லை.